ஷபகிய்யா முதல் போஸ்டன் வரை: விழித்திரை மருத்துவர் சார்லஸ் ஸ்கெப்பென்ஸ்

கண்ணின் உட்சுவரில், தாளினும் மெல்லியதாய்ப் படர்ந்திருக்கும் நரம்புப் படலத்தைத் தமிழில் விழித்திரை என்கிறோம். உருவம் விழுகின்ற திரை என்ற பொருளில், அதன் பணியை நோக்கி இடப்பட்ட பெயர் இது. அரபு மொழியில் அதற்கு வழங்கும் பெயரோ அதன் தோற்றத்தை நோக்கி எழுந்தது. ‘ஷபகிய்யா’ என்பர். ‘ஷபகா’ என்றால் வலை. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து திரும்பியவர்கள் கைப்பேசித் தொடர்புக்கும் இச்சொல்லே வழங்கக் கேட்டிருப்பர். இந்தப் படலத்தை மீனவரின் வலைக்கு ஒப்பிட்டோர் பண்டைக் கிரேக்க மருத்துவர். அவ்வுவமையைக் கிரேக்கத்திலிருந்து அரபுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு, கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அப்பாசியக் கலீஃபாக்களின் ஆதரவில் பணியாற்றிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறித்தவ அறிஞருக்கு உரியது. கண்ணைப் பற்றிப் பத்து இயல்கள் கொண்ட நூலொன்றை அரபில் எழுதியவர் அவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் அரபு மருத்துவ நூல்கள் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது, இப்னு சீனாவின் ‘கானூன்’ வழியே, வலையைக் குறிக்கும் ‘ரேதே’ என்ற இலத்தீன் சொல் இப்படலத்திற்கு வந்து சேர்ந்தது. இன்று உலக மருத்துவர் அனைவரும் சொல்லும் ‘ரெட்டினா’ அதன் வழிவந்ததே. ஏதென்ஸும் அலெக்சாந்திரியாவும் வீசிய வலையைப் பக்தாத் பழுதுபார்த்துத் தொலேதோவுக்குக் கொடுத்தது எனலாம்.

பெயரைத் தந்தோம் என்பதாலேயே அனைத்தையும் நாமே கண்டறிந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. அது நம் முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இப்னுல் ஹைதம் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து புறப்படும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று சோதனைகளோடு நிறுவினார். பார்வைக் கலையின் வரலாற்றில் அது பெருந்திருப்பம். ஆயினும் அவர்கூட, ஒளியை உணரும் உறுப்பு கண்ணின் நடுவிலுள்ள பளிங்கு போன்ற வில்லையே என்று கருதினார். இப்னு ருஷ்து விழித்திரையையே அவ்வுறுப்பாகக் கருதியதாகச் சில வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். வேறு சிலர் அவ்விளக்கத்தை ஏற்பதில்லை. விழித்திரையில்தான் உருவம் தலைகீழாக விழுகிறது என்று ஜொகன்னஸ் கெப்ளர் தெளிவாகச் சொன்னது 1604ஆம் ஆண்டில். அவர் தம் ஆய்வைத் தொடங்கியதோ, 1572இல் பாசல் நகரில் அச்சேறிய இப்னுல் ஹைதமின் இலத்தீன் நூலைக் கையில் வைத்துக்கொண்டு. அறிவு கைமாறிய வரலாறு இது. இதில் எவர் பங்கையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை.

அறுவை மருத்துவத்திலும் இதே நிலைதான். பாத்திமியக் கலீஃபா அல்ஹாகிமின் காலத்தில் எகிப்தில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலி, துளையுள்ள உலோக ஊசியைக் கண்ணுக்குள் செலுத்திப் புரையை உறிஞ்சி எடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். பக்தாதின் அலீ இப்னு ஈஸா எழுதிய ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ பல நூற்றாண்டுகள் கண் மருத்துவரின் கைநூலாக விளங்கியது. எனினும் அவர்தம் ஊசிகள் வில்லையோடு நின்றன. வில்லைக்கு அப்பாலுள்ள ஷபகிய்யாவை அவர்கள் பெயரால் அறிந்தனர். இறந்த விலங்குகளின் கண்ணை அறுத்தும் அறிந்தனர். உயிருள்ள மனிதரின் கண்ணில் அதைக் கண்டவர் எவருமில்லை. கண்பாவைக்குள் நோக்கினால் இருட்டன்றி வேறொன்றும் தெரியாது. பார்ப்பவரின் தலையே ஒளியை மறைத்துவிடுவதுதான் காரணம் என்று கண்டு, அதைத் தவிர்க்கும் கருவியொன்றை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் வெளியிட்டார். அன்றுதான் விழித்திரை மருத்துவத்தின் கதவு திறந்தது.

திறந்த கதவுக்கு உள்ளே கண்ட முதற்காட்சிகளுள் ஒன்று மருத்துவரைக் கையறு நிலையில் நிறுத்தியது. அது விழித்திரை விலகல். நோயின் இயல்பைச் சற்று விளக்கியாக வேண்டும். கண்ணின் உட்குழி, முட்டையின் வெண்கரு போன்ற தெளிந்த கூழால் நிறைந்தது. வயது ஏற ஏற அக்கூழ் நீர்த்துச் சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையின் ஓரங்களை இழுக்கும். கிட்டப்பார்வை மிகுந்தோர்க்கும், கண்ணில் அடிபட்டோர்க்கும் இந்த ஆபத்து அதிகம். இழுப்பில் விழித்திரை எங்கேனும் கிழிந்தால், நீர்த்த கூழ் அக்கிழிசலின் வழியே பின்னால் புகுந்து, சுவரிலிருந்து காரை பெயர்வதுபோல் விழித்திரையைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த பகுதிக்குப் பின்புறத்திலிருந்து கிடைத்துவந்த ஊட்டம் நின்றுபோகும். நோயாளி முதலில் மின்னல் கீற்றுகளையும் கொசுக்கூட்டம் போன்ற புள்ளிகளையும் காண்பார். பிறகு ஒரு பக்கத்திலிருந்து கருந்திரை ஒன்று மெல்ல இறங்கும். வலி சிறிதும் இராது. வலியில்லாமையே இந்நோயின் வஞ்சகம்.

எங்கள் பாட்டனார் இப்படித்தான் ஒரு கண்ணை இழந்தார் என்று வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘திரை இறங்குது’ என்று அவர் சொன்னதைப் புரை என்று எடுத்துக்கொண்டு, முற்றட்டும் என்று காத்திருந்தார்களாம். முற்றிய பிறகு, நரம்பு செத்துவிட்டது என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிட்டார்கள். அவர் பயன்படுத்திய சொல் மிகச் சரியானது என்பதை, இக்கட்டுரைக்காகப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

ஐரோப்பாவின் தலைசிறந்த மருத்துவமனைகளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நிலைமை இதனின் மேம்பட்டதாக இல்லை. நோயாளியின் இரு கண்களையும் கட்டி, வாரக்கணக்கில் அசையாமல் மல்லாந்து படுக்க வைத்தனர். வெளியிலிருந்து ஊசியால் குத்தித் தேங்கிய நீரை வடித்தனர். நீர் மீண்டும் தேங்கியது. கண்ணுக்குள் அயோடின் செலுத்தியவர் உண்டு. முயலின் விழிக்கூழைச் செலுத்தியவரும் உண்டு. ஆயிரத்தில் ஒருவர் தேறுவதே அரிது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மருத்துவரிடையே நிலவிய கருத்தாக இருந்தது. கிழிசல்களைக் கருவியின் வழியே கண்டவர்கள் இல்லாமல் இல்லை. 1850களிலேயே கண்டனர். தியோடர் லெபர் என்ற ஜெர்மானியர் 1882இல் அவற்றுக்கு முதன்மை தந்து எழுதவும் செய்தார். எனினும், கிழிசலால் நோய் வந்ததா, நோயால் கிழிசல் வந்ததா என்ற வழக்கு தீரவில்லை.

தீர்த்தவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த ஜூல்ஸ் கோனின். 1870இல் பிறந்தவர். நோயுற்று அகற்றப்பட்ட கண்களை நுண்ணோக்கியின்கீழ் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, கிழிசலே காரணம், விலகல் அதன் விளைவு என்று 1904 முதல் எழுதிவந்தார். காரணம் அதுவானால் மருத்துவமும் அதுவே: கிழிசலை அடைக்க வேண்டும். பெயர்ந்த பரப்பு எவ்வளவு பெரியதாயினும், அடைக்க வேண்டியது அந்தச் சிறு துளையைத்தான். கோனின் நோயாளியின் கண்ணை மணிக்கணக்கில் நோக்கி, கிழிசல் இருக்குமிடத்தை வரைபடமாக வரைந்து, கண்ணின் வெளிச்சுவரில் அதற்கு நேரான புள்ளியை அளந்து குறிப்பார். அவ்விடத்தில் சுவரைத் திறந்து, நீரை வடித்து, வெண்மையாகக் கனன்ற முனையொன்றைச் சில நொடிகள் உள்ளே செலுத்துவார். சூடுபட்ட இடத்தில் ஏற்படும் தழும்பு கிழிசலை மூடிச் சுவரோடு ஒட்டிவிடும். 1919-1920ஆம் ஆண்டுகளில் அவர் தம் முடிவுகளை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. கண்ணுக்குள் நெருப்பு வைப்பதா என்றனர். பத்தாண்டு சென்று, 1929இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகக் கண் மருத்துவர் மாநாட்டில்தான், அவர் முறையைக் கைக்கொண்ட பிற நாட்டு மருத்துவர்களின் சான்றுகளால் எதிர்ப்பு அடங்கியது. 1935இல் கோனின் மறைந்தார். ஏறத்தாழ எவரும் தேறாத நோயில் ஏறத்தாழப் பாதிப்பேர் தேறும் நிலையை அவர் விட்டுச் சென்றார்.

மற்றப் பாதிப்பேர் ஏன் தேறவில்லை? பெரும்பாலும், கிழிசல் கண்ணுக்கு அகப்படவில்லை என்பதால். ஒரு கிழிசலை அடைத்துவிட்டு மற்றொன்றைக் காணாது விட்டாலும் பயனில்லை. கிழிசல்கள் பெரும்பாலும் விழித்திரையின் முன்னோரத்தில், கருவிழிக்குப் பின்னே மறைந்த விளிம்பில் உண்டாகின்றன. அன்றைய கருவி ஒற்றைக் கண்ணால் நோக்கும் கருவி. அது காட்டிய பரப்பு சிறியது, மேடுபள்ளம் தெரியாது, விளிம்பை எட்டாது. ஆகவே, கோனினுக்குப் பிறகு இத்துறைக்குத் தேவைப்பட்டது புதிய கத்தியன்று, புதிய பார்வை. அதைத் தந்தவரே இக்கட்டுரையின் நாயகர்.

சார்லஸ் ஸ்கெப்பென்ஸ், கோனின் மறைந்த அதே 1935ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1912 மார்ச் 13 அன்று மூஸ்க்ரோன் என்ற ஊரில் பிறந்தார். முதலில் நாடியது கணிதத்தை. பின்னரே மருத்துவத்துக்குத் திரும்பினார். அந்தக் கணித நாட்டம் அவரைவிட்டு நீங்கவில்லை என்பதை அவர் பிற்காலத்தில் வடித்த ஒளிக்கருவிகள் காட்டும். லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் பயிற்சி பெற்றுத் தாயகம் திரும்பிய சில ஆண்டுகளில் போர் வந்தது. 1940 மே மாதத்தில் நாஜிப் படைகள் பெல்ஜியத்தில் புகுந்தபோது அவர் அந்நாட்டு விமானப்படையின் மருத்துவ அலுவலர். நாடு வீழ்ந்தபின் பிரஸ்ஸல்ஸில் மருத்துவம் பார்த்துவந்தார். நேச நாட்டு விமானிகளைத் தம் ஊர்தியில் கடத்தினார் என்ற ஐயத்தில் கெஸ்டாப்போ அவரைப் பிடித்துச் சில நாள் அடைத்து வைத்து விடுவித்தது. அடைபட்டு வெளிவந்தவர், எதிர்ப்பியக்கத்தாரின் ஆவணங்கள் கைமாறும் இடமாகத் தம் மருத்துவ அறையை ஆக்கிக்கொண்டார். ஒரு கட்டத்தில் அதுவும் வெளிப்பட்டது. மீண்டும் பிடிக்க வருகிறார்கள் என்ற செய்தி முன்கூட்டியே எட்டியதால் பிரான்சுக்குத் தப்பினார்.

1942இல், பிரான்சின் தென்மேற்கு மூலையில், பாஸ்க் மக்கள் வாழும் மெண்டீவ் என்ற மலையடிவாரச் சிற்றூருக்கு ஜாக் பெரோ என்றொரு மர வணிகர் வந்து சேர்ந்தார். ஊரில் முடங்கிக் கிடந்த மர அறுவை ஆலையை அவர் எடுத்து நடத்தத் தொடங்கினார். மேலே இராத்தி காட்டில் வெட்டிய மரங்களைக் கீழே கொணர, மலைமீது நெடுந்தொலைவு கட்டப்பட்ட கம்பிவட ஊர்தி ஒன்று அந்த ஆலைக்கு இருந்தது. காட்டுக்கு அப்பால் ஸ்பெயின் எல்லை. ஆலை உண்மையாகவே இயங்கியது, ஆட்களுக்குக் கூலி தந்தது, மரம் விற்றது. மரவெட்டிகளின் உடையில் மேலே சென்றவர்களுள் சிலர் மட்டும் மாலையில் திரும்பவில்லை. அவர்களை ழான் சரோஷார் என்ற ஆட்டிடையர், மலை வழிகளை நன்கறிந்தவர், எல்லை கடத்தி விட்டார். போர்க் கைதிகள், வீழ்த்தப்பட்ட விமானங்களின் வீரர்கள், யூதர்கள், பெல்ஜிய அரசின் ஆட்கள் என நூற்றுக்கு மேற்பட்டோர் இவ்வாறு தப்பினர். ஆவணங்களும் அதே வழியில் சென்றன.

பெரோ ஜெர்மானிய அதிகாரிகளோடு நல்லுறவு வைத்திருந்தார். வைத்திருந்தாக வேண்டும். அதனால் ஊர் மக்கள் பலர் அவரைப் பகைவனின் கூட்டாளி என்று எண்ணி வெறுத்தனர். அந்த வெறுப்பே அவருக்கு அரணாயிற்று. நல்லோர் தன்னை இழிவாக எண்ணுவதை வாய்திறவாமல் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் அவர்கள் நடுவே வாழ்வது, துப்பாக்கி ஏந்திப் போரிடுவதைவிடக் கடினம் என்று எனக்குப் படுகிறது. 1943இல் பிடிபட்ட ஒருவர் வாயிலாக உண்மை வெளிப்பட்டு, கெஸ்டாப்போ ஆலைக்கே வந்துவிட்டது. தொழிலாளருக்கு வேலை சொல்லிவிட்டு வருகிறேன் என்று கூறி வெளியே வந்த ஸ்கெப்பென்ஸ் காட்டுக்குள் மறைந்தார். பல நாள் காட்டில் பதுங்கிக் கிடந்து ஸ்பெயினுக்குள் நுழைந்தார். அவர் மனைவியும் இரு குழந்தைகளும் பகைவரின் கண்காணிப்பில் சிக்கினர். அவர்களும் பின்னர் தப்பி, மலையைக் கடந்து, இங்கிலாந்தில் அவரோடு சேர்ந்தனர்.

மீண்டும் மூர்ஃபீல்ட்ஸ். இப்போது அவர் கருத்தெல்லாம் விழித்திரையின் விளிம்பில். போர்க்காலத்திலும் அதையடுத்தும் லண்டனில் எதுவும் எளிதில் கிடைக்காது. கிடைத்த பழைய பொருள்களைக் கொண்டு தாமே ஒரு கருவியை உருவாக்கினார். நோயாளியின் கண்ணுக்கும் மருத்துவரின் கண்ணுக்கும் இடையே கையில் ஒரு குவிவில்லையைப் பிடித்து, அது தரும் பிம்பத்தை நோக்கும் மறைமுக முறை 1852 முதலே அறியப்பட்டதுதான். இரு கண்களால் நோக்கும் வடிவமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முயலப்பட்டிருந்தது. ஸ்கெப்பென்ஸ் செய்தது, விளக்கையும் நோக்காடிகளையும் ஒரு பட்டையில் பொருத்தி மருத்துவரின் தலையில் கட்டியது. இவ்வளவுதானா என்று தோன்றும். விளைவுகளைப் பாருங்கள். மருத்துவரின் தலை திரும்பும் பக்கமெல்லாம் ஒளியும் திரும்புகிறது. இரு கண்களால் நோக்குவதால் ஆழம் தெரிகிறது. எங்கே மேடு, எங்கே இழுப்பு என்று புலப்படுகிறது. ஒளி வலியதாதலால், கலங்கிய கூழையும் ஊடுருவுகிறது. எல்லாவற்றிலும் மேலாக ஒரு கை விடுபடுகிறது.

அந்த விடுபட்ட கைதான் பாதி வெற்றி. விரலில் மாட்டும் சிறு கருவியால் இமையின்மேல் மெல்ல அழுத்தினால், கண்ணின் சுவர் உள்நோக்கிப் புடைத்து, கருவிழிக்குப் பின்னே ஒளிந்திருந்த விளிம்பு பார்வைக்குள் வந்துவிடும். அழுத்தத்தை நகர்த்தி நகர்த்தி விளிம்பு முழுவதையும் சுற்றிப் பார்த்துவிடலாம். மயிரிழைக் கிழிசலும் அழுத்தும்போது வாய் திறந்து காட்டிக்கொடுத்துவிடும். பழகுவதற்கு மிகக் கடினமான கலை இது. பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். பழைய கருவியில் தேர்ந்த மூத்தோர் பலர், இந்தத் தலைப்பட்டையைக் கேலியாகப் பார்த்தனர். மாதக்கணக்கில் பயின்றால்தான் கைவரும் என்று ஸ்கெப்பென்ஸே சொல்லிவந்தார். சுருக்குவழி எதையும் அவர் காட்டவில்லை. ஒவ்வொரு நோயாளியின் விழித்திரையையும் வண்ணக் கோல்களால் வரைபடமாக வரையாமல் அறுவை அறைக்குள் நுழையக்கூடாது என்பது அவர் மாணவருக்கு இட்ட சட்டம். கோனினின் மரபை அவர் அவ்வாறு காத்தார்.

1947இல் அவர் அமெரிக்கா சென்றார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அதே ஆண்டு தம் கருவியை அமெரிக்கக் கண் மருத்துவர் முன் விளக்கினார். 1949இல் போஸ்டனின் மாசசூசெட்ஸ் கண் காது மருத்துவமனையில் விழித்திரைக்கெனத் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார். கண் மருத்துவத்துக்குள்ளேயே விழித்திரை தனித்துறை என்ற எண்ணம் அப்போது புதிது; ஒரு படலத்துக்காக ஒரு துறையா என்று வியந்தோர் உண்டு. 1950இல் விழித்திரை ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். மருத்துவமனையின் அருகே ஒரு பழைய கட்டடத்தில் தொடங்கிய இந்நிறுவனம் பின்னாளில் அவர் பெயரையே தாங்கி, 2011இல் அம்மருத்துவமனையோடு இணைந்தது.

கிழிசலைக் காண வழி கிடைத்தது. மூடுவதிலும் ஒரு புது வழி அக்காலத்தில் பிறந்தது. விழித்திரையைச் சுவருக்கு இழுத்துவர இயலாவிட்டால், சுவரை விழித்திரைக்கு நகர்த்தலாம் அல்லவா? கண்ணின் வெளிச்சுவரில் ஒரு சிறு பொருளைத் தைத்து, சுவரை உள்நோக்கி அழுத்தி, கிழிசலின் கீழ் ஒரு மேட்டை உண்டாக்குவதே இம்முறை. கூழின் இழுப்பும் அதனால் தளரும். இதன் முன்னோடி ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் கஸ்டோடிஸ். அவர் 1949இல் இதைச் செய்தார். சில அமெரிக்க நூல்கள் இதை ஸ்கெப்பென்ஸின் கண்டுபிடிப்பாகவே சொல்லிவிடுகின்றன, அது சரியன்று. 1950களின் தொடக்கத்தில் ஸ்கெப்பென்ஸ் செய்தது, கண்ணைச் சுற்றிலும் இடுப்புக்கச்சைபோல் ஒரு வளையத்தை இட்டு, விளிம்பு முழுவதற்கும் அரண் அமைத்தது. தொடக்கத்தில் பாலித்தீன் குழல். அது சில கண்களில் சுவரை அரித்து உள்ளே புகுந்தது. ஆகவே மென்மையான சிலிகோன் இரப்பருக்கு மாறினார். 1957இல் ஒகமுரா, பிராக்ஹர்ஸ்ட் ஆகிய உடனாய்வாளரோடு அவர் வெளியிட்ட கட்டுரை இம்முறையின் இலக்கணமாயிற்று. நோயாளிகளுள் பத்தில் எட்டு, ஒன்பது பேர் தேறும் நிலை வந்தது.

அவருடைய ஆய்வு நிறுவனத்தின் தனிச்சிறப்பு, மருத்துவர் அல்லாதாரையும் அருகில் அமர்த்தியது. ஹங்கேரியிலிருந்து வந்த எந்திரே பலாஷ், விழிக்கூழின் வேதியியலை அங்கே ஆராய்ந்தார். கூழுக்கு அதன் தன்மையைத் தரும் ஹயலூரானிக் அமிலம் பற்றிய அவர் ஆய்வுகள் பிற்காலத்தில் புரை அறுவையில் கண்ணைக் காக்கும் பசையாகவும், முழங்கால் மூட்டில் செலுத்தும் மருந்தாகவும் பயன் தந்தன. விழித்திரையை ஆராயத் தொடங்கியவர்கள் முழங்காலுக்கும் மருந்து கண்ட விந்தை இது. ஒலெக் பொமரான்ட்செஃப் என்ற ஒளியியல் பொறியாளர் ஸ்கெப்பென்ஸின் கருவிகளைச் செம்மைப்படுத்தினார். அவரும் ராபர்ட் வெப் முதலியோரும் 1980ஐ ஒட்டி உருவாக்கிய, லேசர் கதிரால் விழித்திரையை வருடிப் படம் எடுக்கும் கருவியின் வழித்தோன்றல்கள் இன்று கண் மருத்துவமனைகளில் உள்ளன. ஸ்கெப்பென்ஸ் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார். விழித்திரை விலகல் பற்றிய அவரது பெருநூல் 1983இல் வெளிவந்தது.

ஆயினும் கட்டுரைகளைவிட ஆட்களே அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம். பல நாடுகளிலிருந்து இளம் மருத்துவர்கள் போஸ்டன் சென்று, தலைப்பட்டையைக் கட்டிக்கொண்டு தலைகீழ்ப் பிம்பத்தோடு மல்லுக்கட்டித் தம் நாடு திரும்பினர். அவர்களுள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத். 1940இல் பிறந்து, 1962இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் பயின்று, ஸ்கெப்பென்ஸிடம் விழித்திரை அறுவையைக் கற்று 1970இல் தாயகம் திரும்பினார். 1978இல் அவர் சென்னையில் நிறுவிய சங்கர நேத்ராலயாவில், மருத்துவம், கற்பித்தல், ஆய்வு மூன்றும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. போஸ்டனில் கண்ட அமைப்பை அதில் அடையாளம் காணலாம். 2023 நவம்பர் 21 அன்று பத்ரிநாத் மறைந்தார். அவருக்குப் பட்டையைக் கட்டப் பழக்கியவர் மெண்டீவ் ஆலையின் மர வணிகர் என்பது, சென்னையில் பார்வை பெற்றுத் திரும்பியோருள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

அறுவை முறைகள் பின்னர் வேறு திசையில் வளர்ந்தன. ஜெர்மனியில் பிறந்து மயாமியில் பணியாற்றிய ராபர்ட் மக்கமெர் 1970இல், கண்ணின் பக்கவாட்டில் நுண்துளையிட்டு விழிக்கூழையே வெட்டி அகற்றும் முறையைத் தொடங்கினார். நீரிழிவால் குருதி கசிந்து கூழ் இருண்டவர்களுக்கு அது வாழ்வளித்தது. நம் சமுதாயத்தில் நீரிழிவு பெருகிவரும் நிலையில் அதைத் தனிக்கட்டுரையாகவே எழுத வேண்டும். இன்று விழித்திரை விலகலில் பலருக்கு இம்முறையே கையாளப்படுகிறது. வாயுக் குமிழியையோ சிலிகோன் எண்ணெயையோ உள்ளே நிரப்பி, விழித்திரையைச் சுவரோடு அழுத்தி வைப்பர். வளையம் இடுவது குறைந்துவிட்டது; இளையோர் சிலருக்கு இன்றும் அதுவே ஏற்றது. தலையில் கட்டும் கருவியோ மறையவில்லை. விழித்திரை மருத்துவர் ஒருவரின் அறையில் இன்றும் அது தொங்கும். அவர் அதை அணிந்து, இருட்டறையில் நம்மை மேலே பார், கீழே பார் என்று சொல்லி, விரலால் இமையை அழுத்தும்போது ஏற்படும் சிறு வேதனையை நம்மில் பலர் அறிவோம்.

ஸ்கெப்பென்ஸ் போஸ்டனில் தம் போர்க்கால வாழ்வைப் பற்றிப் பேசியது அரிது. அவரோடு ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவர்களுக்கும் அவர் பெல்ஜியத்திலிருந்து வந்த கண்டிப்பான பேராசிரியர் மட்டுமே. மெண்டீவ் மக்களுக்கோ, போர் முடிந்து பல பத்தாண்டுகள் வரை, பெரோ ஒருநாள் காட்டுக்குள் சென்று மறைந்த மனிதர். இரு பாதிகளும் இணைந்து, அமெரிக்க எழுத்தாளர் மெக் ஆஸ்ட்ரம், மருத்துவரையும் இடையரையும் சேர்த்து ஆராய்ந்து எழுதிய நூல் 2004இல் வெளிவந்தது. ‘அறுவை மருத்துவரும் ஆட்டிடையரும்’ என்பது அதன் தலைப்பு. சரோஷாரை ஊரார் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை என்று அதிலிருந்து அறிகிறோம்.

2006 மார்ச் மாதத்தில் பிரெஞ்சு அரசு தன் உயரிய ‘லெஜியோன் தொனேர்’ விருதை, எதிர்ப்பியக்கப் பணிக்காக ஸ்கெப்பென்ஸுக்கு அளித்தது. பெற்ற ஒரு வாரத்தில், மார்ச் 28 அன்று, தொண்ணூற்று நான்காம் வயதில், போஸ்டனை அடுத்த நஹாந்த் என்ற கடலோர ஊரில் அவர் காலமானார்.